மயிலை கன்று போட்ட பொங்கல்

தைப்பூசத்துக்கு மஞ்சள் பனியன் தைத்து வரத்தான் நானும் என் மனைவி தனமும் திருப்பூருக்குப் போனோம். மலேசியாவில், கெடா மாநிலத்தில், எங்கள் ஊர் முருகன் கோயிலின் தண்ணீர்ப் பந்தல் குழுவில் பல வருடமாக இருக்கிறேன். காவடி எடுத்து வருகிறவர்களுக்கு மோரும் பானகமும் கொடுப்பது எங்கள் வேலை. இந்த வருடம் குழுவில் எல்லோரும் ஒரே மாதிரி சட்டை போட வேண்டும், நெஞ்சில் வேல் இருக்க வேண்டும் என்று முடிவானது. "லாரி ஓட்டி ஓய்ந்து சும்மாதானே இருக்கீங்க, போய் வாங்க லா. பழநியையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்றார் கோயில் தலைவர். முருகனே கூப்பிட்டது போல எனக்குப் பட்டது.

பழநியில் நன்றாகக் கும்பிட்டோம். தப்பு நடந்தது திருப்பூரில்தான். எங்கள் நாட்டில் பொங்கல் என்றால் ஒருநாள் லீவு போட்டு வாசலில் பானை வைப்போம். மறுநாள் வேலைக்குப் போய்விடுவோம். அதே நினைப்பில் பொங்கலுக்கு முந்தின நாள் காலையில் போய் இறங்கினேன். ஊரே மூட்டை கட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாகக் குழந்தைகளை உள்ளே போட்டு இடம் பிடித்தார்கள். நாங்கள் மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தோம்.

திருப்பூரை ஒட்டிய மண்ணரையில் செல்வம் என்பவர் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். எங்கள் கோயில் சட்டைக்கு அவரிடம்தான் சொல்லி வைத்திருந்தோம். நாங்கள் போனபோது தையல் மிஷின் ஒவ்வொன்றுக்கும் அவரே துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்குப் போயி வந்து நிக்கியளே" என்றார். "டைலர் பூராம் ஊருக்குப் பஸ் ஏறியாச்சு."

"எப்போ வருவாங்க?"

"பொங்கல் முடியணும், கறி தின்னணும், மாமியார் வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் படுக்கணும். பொறவுதான் திருப்பூர்னு ஒரு ஊரு இருக்குங்கிற நெனப்பே வரும். நீங்க பயப்படாதிய. பிரிண்டிங்ல வடக்கத்திப் பையன்மாரு இருக்கானுவ, இங்கனக்குள்ள நாலு டைலரை நான் பிடிச்சுப் போட்டுத் தச்சிருதேன். அதுவரைக்கும் ரூம்ல கெடந்து சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்காண்டாம். தோட்டம் தொரவுன்னு சுத்திப் பாத்துட்டு வாங்க. இப்பல்லாம் தோட்டத்துக்காரங்களே வெளியாளக் கூப்பிட்டுச் சோறு போட்டுச் சுத்திக் காட்டுதாங்க."

"தோட்டம்னா என்னா தோட்டம்? ரப்பரா, செம்பனையா?" என்று தனம் கேட்டாள். எங்களுக்குத் தோட்டம் என்றால் கண்ணுக்கெட்டின மட்டும் வெள்ளைக்காரன் நட்டுப்போன ரப்பர், எண்ணெய் எடுக்கிற செம்பனை, வரிசையாக லயத்து வீடு, சங்கு ஊதினால் வேலை. இங்கே கிணறு இருக்கிற சொந்த நிலத்தைத் தோட்டம் என்கிறார்கள். மழையை நம்பியிருக்கிற நிலத்துக்குக் காடு என்று பெயர். தனத்துக்கு இதைக் கேட்டதும் தலைகால் புரியவில்லை. அவளுக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் தூக்கம் வரும்.

அன்று மத்தியானமே செல்வம் ஒரு கொய்யாத் தோப்புக்கு எங்களை அனுப்பினார். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு இளம் தம்பதி நடத்துகிறார்கள். வாசலிலேயே நெற்றியில் சந்தனம், கையில் நன்னாரி சர்பத். கொய்யாவை எப்படித் திருகிப் பறிக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லிக் கொடுத்தாள். நகம் படக்கூடாது, காம்போடு வர வேண்டும். தனம் பறித்துப் பறித்துச் சேலை மடியில் கட்டிக்கொண்டாள். எங்கள் ஊரில் டுரியான் பழ சீசனில் இப்படித்தான் பட்டணத்துக்காரர்கள் காரில் வந்து மரத்தடியில் உட்கார்ந்து வயிறு வெடிக்கத் தின்றுவிட்டுப் போவார்கள்.

மாட்டு வண்டிச் சவாரியும் இருந்தது. தோப்பை ஒரு சுற்று சுற்றி, புறப்பட்ட வேப்பமரத்தடிக்கு வந்ததும் மாடுகள் தாமாக நின்றுவிட்டன. வண்டிக்காரர் கயிற்றைத் தொடவே இல்லை. "இன்னொரு சுத்துப் போலாமா?" என்று தனம் கேட்டாள். வண்டிக்காரர் சிரித்துவிட்டு, "நானு போலாமுங்க. அதுக ஒத்துக்கோணுமில்லீங்க" என்றார். அதுகள் ஒத்துக்கொள்ளவில்லை.

தோப்பில் பொங்கலன்று விடுமுறை என்றார்கள். செல்வம் போனில், "ஊத்துக்குளிப் பக்கம் துரைசாமின்னு நமக்குத் தெரிஞ்சவர் இருக்கார். முன்ன நிட்டிங் கம்பெனியில மிஷின் ஓட்டுனவரு. இப்பம் வீட்டோட ஒட்டி ரெண்டு ரூம் போட்டு, வாறவங்களைத் தங்க வைக்காரு. அங்க போயிப் பொங்கல் கும்பிடுங்க" என்றார். பண்டிகை நாளில் யாரோ ஒருவர் வீட்டில் போய் இருப்பதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. தனம் அதற்குள் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

மறுநாள் காலை போனது ஒரு குட்டியானையில். சின்ன சரக்கு வேனுக்கு அங்கே அதுதான் பெயர். பெயரைக் கேட்டதுமே தனம், "பஸ் வேணாங்க, நான் யானையிலதான் வருவேன்" என்று ஏறிக்கொண்டாள். பின்னால் துணி உருளைகள், முன்னால் நாங்கள். பாதி வழியில் யானைக்குக் கால் போனது. டயர் வெடித்துவிட்டது. ஓட்டுநர் தம்பி துணி உருளைகளை இறக்கி ரோட்டோரம் அடுக்கி, அதன்மேல் எங்களை உட்கார வைத்தார். எந்த நாட்டிலோ யாரோ போடப்போகிற சட்டையின்மேல் உட்கார்ந்து நேற்றுப் பறித்த கொய்யாவைத் தின்று பசியாறினோம். வழியில் போன ஒருவர் பைக்கை நிறுத்தி, "ஏனுங், துணி ஏலங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

துரைசாமியின் வீட்டு வாசலில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் சேர்த்துக் காப்புக் கட்டியிருந்தது. அவர் மனைவி சரசு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "வாங்கண்ணா. வாங்கக்கா" என்று தனித்தனியாகச் சொன்னார். துரைசாமி வந்து, "வாங்க, வாங்க" என்றார். களையெடுத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "வாங்க" என்றார். வேலிக்கு அந்தப்பக்கம் ஆடு ஓட்டிப் போனவரும் நின்று "வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதில் ஒரு விஷயம் எனக்குத் தெரியவில்லை. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நான் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது துரைசாமியின் பங்காளி ஒருவர் வந்தார். வீட்டுக்காரர்கள் எல்லோரும் வாங்க என்றார்கள். நான் விருந்தாளிதானே என்று சும்மா இருந்தேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு துரைசாமியிடம், "ஏம்ப்பா, உங்கூட்டு விருந்தாளிக்கு நம்மள ஆகாதாட்ட இருக்குது?" என்றார். துரைசாமி பதறிப்போய், "அவிய வெளிநாடுங்க, தெரியாதுங்க" என்று என் பக்கமாகப் பேசினார். அந்த ஊரில், முன்னால் வந்து உட்கார்ந்தவர் பின்னால் வருகிறவரை வாங்க என்று கேட்டே ஆக வேண்டுமாம். விருந்தாளியாக இருந்தாலும் விலக்கு இல்லை. கேட்காமல் விட்டு வருடக்கணக்கில் பேச்சு நின்றுபோன குடும்பங்கள் உண்டாம். அதற்கப்புறம் நானும் தனமும் பால் எடுக்க வந்தவர், கேபிள்காரர், பக்கத்து வீட்டு நாய் வரை யாரையும் விடவில்லை.

சரசு பொங்கல் பானையை இறக்கியதும் எங்களுக்குத்தான் முதலில் இலை போட்டார். பொங்கலுக்குப் பிறகு அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கின சாதம் வந்தது. அதன் நடுவில் குழி பறித்து நெய் ஊற்றினார். ஊத்துக்குளி வெண்ணெயை அன்று காலையில்தான் உருக்கியிருக்கிறார். மணல் மணலாக இருந்தது, வாசனை கையை விட்டுப் போகவில்லை. "போதும்மா, எனக்குக் கொழுப்பு இருக்கு" என்றேன். "எங்களுக்குந்தானுங்க இருக்குது" என்று சொல்லி இன்னொரு கரண்டி ஊற்றினார்.

சாப்பிடும்போதே கவனித்தேன். சரசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. பரிமாறுவார், கொட்டகைக்குப் போய் ஒரு பார்வை பார்ப்பார், மறுபடி வருவார். கடைசியில் தனம் கேட்டே விட்டாள்.

"அங்க யாரும்மா இருக்கா?"

"மயிலைங்க்கா. வாங்க, காட்டறேன்."

கொட்டகையில் சாம்பல் கலந்த வெள்ளை நிறத்தில் ஒரு காங்கேயம் பசு நின்றது. அந்த நிறத்துக்கு மயிலை என்று பெயர், பசுவுக்கும் அதுவே பெயராகிவிட்டது. வயிறு இறங்கி, மடி கனத்துப் போயிருந்தது. சரசு அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எனக்குக் கண்ணாலமாகி வாரப்ப எங்கம்மா ஊட்டுல சீராக் குடுத்த கன்னு இதோட அம்மா. எங்கம்மா ஊட்டுத் தோட்டமெல்லாம் இப்ப இல்லீங்க்கா. குடோன் கட்டிப்போட்டாங்க. பொறந்த ஊடுன்னு எனக்கு இது ஒண்ணுதான் நிக்குது. இதுவரைக்கும் இது போட்டதெல்லாம் காளங்கன்னுங்க. இதுக்கும் வயசாயிப்போச்சு. இதுதான் கடைசின்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஒரு கெடாரியாப் போட்டுக் குடுத்துட்டா அந்த வம்சம் நிக்கும்."

"பொட்டைக் கன்னாவே போடும். நீ ஏன் பயப்படுறே?"

"பயம் அதில்லீங்க்கா. இன்னைக்குப் போட்டாலும் செரி, நாளான்னைக்குப் போட்டாலும் செரி. நாளைக்கு மட்டும் ஆகாதுங்க."

மறுநாள் மாட்டுப் பொங்கல். அங்கே பட்டிப் பொங்கல் என்கிறார்கள். ஆடுமாடுகளைக் காக்கிற மாயவருக்கு ஊருக்கு வெளியே ஒரு கோயில் இருக்கிறது. பட்டிப் பொங்கலன்று பிறக்கிற கன்று அந்த மாயவருக்குச் சொந்தம். காளையாக இருந்தால் ஏரிலும் வண்டியிலும் பூட்ட மாட்டார்கள். சாமி மாடாக வளரும். கிடாரியாக இருந்தால் கோயில் மாடுகளோடு சேர்ந்துவிடும். பால் மறக்கிற வரை தாயோடு இருக்கலாம், பிறகு கொண்டுபோய் விட்டுவிட வேண்டும். அந்த வீட்டில் எவரும் மீறினது இல்லை.

சாயங்காலம் விளக்கு வைத்ததும் நான் முருகனை நினைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். பனியனைப் பற்றித்தான் கேட்க நினைத்தேன். வாயில் வந்தது மயிலை. தனம் பக்கத்தில் வந்து, "மாயவர்னா பெருமாள்தானே? முருகனுக்குத் தாய்மாமா. கொஞ்சம் சொல்லி வைக்கச் சொல்லுங்க" என்றாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. நானும் அப்படியே வேண்டிக்கொண்டேன்.

விடிந்ததும் முதல் வேலையாகக் கொட்டகைக்குப் போனேன். மயிலை அசை போட்டுக்கொண்டு நின்றது. சரசு என்னைப் பார்த்து, "வலி எதுவும் காணமுங்கண்ணா" என்றார். முகத்தில் கொஞ்சம் தெளிவு.

பட்டிப் பொங்கலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மலேசியாவில் மாட்டுப் பொங்கல் என்றால் கோயிலில் கட்டியிருக்கிற ஒரு மாட்டுக்குப் பொட்டு வைத்து எல்லோரும் வரிசையாக வாழைப்பழம் கொடுப்போம். அது தின்ன முடியாமல் தலையைத் திருப்பிக்கொள்ளும். இங்கே மாடுகளைக் கிணற்றடியில் கழுவி, கொம்புக்கு வர்ணம் அடித்து, கழுத்தில் புதுக்கயிறு மாற்றினார்கள். துரைசாமி வர்ணம் அடிக்கிற அழகைப் பார்த்து அந்தப் பங்காளி, "மிஷின் ஓட்டுன கையாச்சே, ரெண்டு கொம்பும் ரெண்டு அளவுல வருது பாரு" என்றார். "நீ மாப்பிளையாப் போனப்ப உனக்கு மீசை அப்படித்தானே இருந்துச்சு" என்றார் துரைசாமி.

பட்டிக்குள்ளே சாணத்தால் கரை கட்டிச் சின்னக் குளம் ஒன்று செய்தார்கள். தெப்பக்குளமாம். அதில் தண்ணீர் விட்டு, பூப்போட்டு, பக்கத்தில் பொங்கல் வைத்தார்கள். வெயில் தாழ்ந்ததும் பட்டி பெருக வேண்டும் என்று எல்லோரும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மாடுகளை அந்தக் குளத்தை மிதிக்கவிட்டுச் சுற்றி ஓட்டினார்கள். நானும் தட்டைத் தட்டிக்கொண்டு ஓடினேன். கால் வழுக்கி, வேட்டியெல்லாம் சாணம். லாரி ஓட்டின காலத்துக்குப் பிறகு அவ்வளவு சத்தம் போட்டது அன்றுதான்.

அந்தச் சத்தத்தில் தனம் கூப்பிட்டது முதலில் யாருக்கும் கேட்கவில்லை. மயிலையை மிதிக்கவிடாமல் கொட்டகையிலேயே கட்டியிருந்தார்கள். தனியாக இருக்கிறதே என்று பொங்கல் ஒரு உருண்டை எடுத்துக்கொண்டு தனம் போயிருக்கிறாள். போனவள் வேலிப் பக்கம் வந்து கையை ஆட்டினாள்.

"சரசு, படுத்துடுச்சு."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு குளம்புகள் வெளியே தெரிந்தன. மேற்கில் சூரியன் தென்னைக்கு மேல் நன்றாகவே நின்றது, நாள் இன்னும் முடியவில்லை. துரைசாமி சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, மாடு முக்குகிறபோது மட்டும் மெதுவாக இழுத்துக் கொடுத்தார். சரசு மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மயிலை, மயிலை" என்று மட்டும் சொன்னார். கன்று வைக்கோலில் வழுக்கி விழுந்தது. துரைசாமி அதன் மூக்கைத் துடைத்துவிட்டு, பின்னங்காலைத் தூக்கிப் பார்த்தார்.

"கெடாரி" என்றார்.

பட்டியில் இன்னும் தட்டுச் சத்தம் கேட்டது. மயிலை எழுந்து நின்று கன்றை நக்க ஆரம்பித்தது. சரசு வைக்கோலால் அதன் முதுகைத் தேய்த்துவிட்டார். உள்ளே போய் ஒரு மஞ்சள் துணித் துண்டைக் கொண்டு வந்து அதன் கழுத்தில் கட்டினார். சாமிக்கு என்று ஆகிவிட்டதற்கு அதுதான் அடையாளம்.

தனத்தால் பொறுக்க முடியவில்லை. சமையலறையில் சரசுவிடம் மெதுவாகக் கேட்டாள். "நாளைக்குக் காலையில பொறந்துச்சுன்னு சொல்லிட்டா என்ன? நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்."

"மயிலைக்குத் தெரியுமேங்க்கா" என்றார் சரசு.

சாப்பிட்டு முடித்ததும் தனம் எங்கள் சின்ன மகன் கதையைச் சொன்னாள். அவன் கொடி சுற்றிப் பிறந்தவன். தாய்மாமனுக்கு ஆகாது என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். எங்கள் கோயிலில் முருகனுக்கே தத்துக் கொடுத்துவிட்டோம். பிள்ளையைச் சன்னிதியில் கிடத்திவிட்டு வெளியே வந்து, பிறகு ஒரு படி தவிட்டைக் கொடுத்து ஐயரிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொண்டோம். இன்றைக்கும் அவன் முருகன் பிள்ளைதான், வளர்ப்பது நாங்கள். மலேசியாவில் பல குடும்பங்களில் இப்படி உண்டு.

"கொடுத்துட்டுத் திருப்பி வாங்கினா சாமி கோவிச்சுக்காதுங்களா?" சரசு கேட்டார்.

"திருப்பி வாங்கல. விலைக்கு வாங்கறோம். சாமி பிள்ளைய நாம வளர்க்கறோம், அவ்ளோதான்."

சரசு துரைசாமியைப் பார்த்தார். அவர், "நம்மூருல அப்படி யாரும் பண்ணுனதில்ல. நாமளாச் செய்யக்கூடாது. வேணும்னா பூ கேட்டுப் பாக்கலாம்" என்றார்.

அந்தப் பக்கத்தில் கல்யாணம் பேசினாலும் கிணறு வெட்டினாலும் சாமியிடம் பூ கேட்பார்களாம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அது சாமியின் பேச்சு.

மறுநாள் காலை குளித்துவிட்டுப் போனோம். மாயவர் கோயில் நான் நினைத்ததைவிடச் சின்னது. ஆலமரத்தடியில் நாலு தூண், ஓட்டுக் கூரை. சுற்றிலும் யார் யாரோ நேர்ந்து வைத்த மண் மாடுகள், சில கொம்பு உடைந்து கிடந்தன. ஆறேழு நிஜ மாடுகள் மரத்தடியில் படுத்திருந்தன. பூசாரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டார்.

"என்னன்னு கேக்கோணும்? பட்டுனு சொல்லீருங்க. சாமிகிட்ட சுத்தி வளைக்கக்கூடாது."

துரைசாமி சொன்னார். "நேத்துப் பொறந்த கெடாரி மாயவரோடதுதான். அதத் தவிடு குடுத்து வாங்கி எங்கூட்டுலயே வளத்துக்கலாமான்னு கேக்கோணுங்க. வெள்ளை வந்தா ஊட்டுக்கு. செவப்பு வந்தா கோயிலுக்கு."

பூசாரி சரசுவைப் பார்த்தார். சரசு தலையை ஆட்டினார். நந்தியாவட்டை ஒன்றையும் செவ்வரளி ஒன்றையும் ஒரே மாதிரி இலையில் மடித்து நூல் சுற்றி, கையில் குலுக்கிச் சாமி காலடியில் போட்டார். "யாரு எடுக்கறீங்க?"

"அவிய எடுக்கட்டுமுங்க" என்று துரைசாமி என்னைக் காட்டினார். "எந்தப் பக்கமும் சேராத கை."

மலையைப் பார்த்து லாரியை ஏற்றினபோதெல்லாம் கை இப்படி வியர்த்ததில்லை. முருகா என்று சொல்லி, மாயவரிடம் வந்து முருகனைக் கூப்பிடுகிறோமே என்று நினைத்து, மாமாவும் மருமகனும்தானே என்று சமாதானம் ஆகி, இடதுபக்கம் கிடந்ததை எடுத்தேன். பூசாரி வாங்கி நூலைப் பிரித்தார்.

செவ்வரளி.

"செவப்பு" என்றார் பூசாரி, எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்றாலும்.

நான் துரைசாமியின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாங்களா? நான் சரியா வேண்டிக்கலைங்க."

"இல்லீங்கண்ணா. ரெண்டாந்தடவ கேட்டா, மொதத் தடவ சொன்னத நாம நம்புலைன்னு ஆயிப்போயிருமுங்க."

சரசு அந்தப் பூவைக் கேட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றித் தலையில் வைத்துக்கொண்டார். திருநீறு பூசினார். கோயிலைச் சுற்றி வந்தார். மரத்தடியில் படுத்திருந்த மாடுகளிடம் போய், ஒவ்வொன்றின் வயிற்றையும் நெற்றியையும் உற்றுப் பார்த்தார். "நல்லாத்தான் வெச்சிருக்கறீங்க" என்று பூசாரியிடம் சொன்னார். "கோடையில தண்ணிக்கு என்ன பண்றீங்க?"

"தொட்டி இருக்குதுங்கம்மா. லாரித் தண்ணி ஊத்துவாங்க."

"தீவனம்?"

"சனங்க கொண்டாந்து போடறதுதான்."

"வார வெள்ளி வெள்ளி நானும் சோளத்தட்டு கொண்டாறேனுங்க" என்றார் சரசு.

வீட்டுக்கு வந்ததும் சரசு நேராகக் கொட்டகைக்குப் போனார். கன்று வயிறு நிறையக் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, மிஞ்சின சீம்பாலைக் கறந்து, நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைத்தார். கத்தியால் வெட்டுகிற மாதிரி கெட்டியாக வந்தது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கிண்ணத்தில் போட்டு அனுப்பினார். எங்களுக்கும் வைத்தார்.

தனம் தொடவில்லை. "நாங்க பேசாம இருந்திருக்கலாம். இல்லாத ஆசையக் காட்டிட்டு, இவரு கையாலயே அதைக் கெடுத்தும் விட்டோம்" என்றாள். கண் நிறைந்துவிட்டது. எனக்கும் அதேதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னங்க்கா பேச்சு பேசறீங்க" என்றார் சரசு. "கேக்காமயே கொண்டுபோயி உட்டிருந்தா, கேட்டிருந்தா குடுத்திருப்பாரோன்னு நானு சாகற வரைக்கும் ரோசனை பண்ணிக்கிட்டிருப்பேன். இப்ப அவுருக்கு வேணுமின்னு அவுரே சொல்லிட்டாரு. எங்கம்மா ஊட்டு மாடுன்னா அவுருக்கும் ஆசை இருக்காதுங்களா? சாப்புடுங்க. சூடு ஆறுனா நல்லாருக்காது."

சாப்பிட்டோம். அப்படி ஒரு இனிப்பை நான் தின்றதில்லை.

மத்தியானம் செல்வம் போன் செய்தார். "அண்ணாச்சி, டைலர் கெடச்சாச்சு, துணி வெட்டியாச்சு. வேலு எந்தப் பக்கம் பாத்து நிக்கணும்னு வந்து சொல்லிட்டுப் போங்க. இங்க உள்ளவன் தலைகீழா அடிச்சிருவான், அவனுக்கு அது கரண்டியா வேலான்னு தெரியல." பெட்டியைக் கட்டினோம்.

நாங்கள் கிளம்பும் நேரத்துக்கு திருப்பூர் நல்லூரிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. காணும் பொங்கலுக்குத் தோட்டம் பார்க்க வந்தவர்கள். எல்லோரையும் விட்டுவிட்டு நான் முந்திக்கொண்டு, "வாங்க, வாங்க" என்றேன். நான்தான் வீட்டுக்காரர் என்று நினைத்து அந்த அப்பா எனக்குக் கும்பிடு போட்டார். அவர்களுடைய சின்னப் பெண் யாரையும் கேட்காமல் கொட்டகைக்கு ஓடிவிட்டாள். கன்று கால்களை அகல வைத்துத் தள்ளாடி நின்றது. அந்தப் பிள்ளை எட்ட நின்றே கேட்டாள்.

"அத்தை, இது உங்க கன்னுக்குட்டியா?"

சரசு குனிந்து, கன்றின் கழுத்தில் இறுகியிருந்த மஞ்சள் துணியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்.

"இல்ல கண்ணு. மாயவரோட கன்னு. பால் மறக்கற வரைக்கும் எங்கூட்டுல இருக்கும். பயப்படாத, வந்து தொட்டுப் பாரு."